பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் யார் பொறுப்பு

2006 மார்ச் 12, ஞாயிறு. காலை 4.45

ஆம்னி வண்டியின் பின்கதவை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்தேன். காற்று அடைத்த சிலிண்டர்கள் நான்கும் பழைய லாரி டியூப்களுக்கு நடுவே உருளாமல் படுத்திருந்தன. துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகம் சுத்தம் செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம், சிலிண்டருக்கு இருநூறு ரூபாய் கொடுத்து நிரப்பியவை. முகக்கண்ணாடிகள், ரெகுலேட்டர் என்று நாங்கள் சொல்லும் மூச்சுக் குழாய்கள், காற்றை அடைத்தால் மிதக்க வைக்கும் காற்றுச் சட்டைகள், காலில் மாட்டும் துடுப்புகள், ஈயக்கட்டி கோத்த பெல்ட்டுகள் எல்லாம் இரண்டு பேருக்கும் இருந்தன. முன்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றும் இருந்தது.

திருவான்மியூரிலிருந்து கிளம்பும்போது எனக்குத் தூக்கம் துளியும் இல்லை. பள்ளியில் சுற்றுலா போகும் நாளில் முதல் ஆளாகப் பையோடு வாசலில் நிற்போமே, முப்பத்தெட்டு வயதிலும் அப்படித்தான் நின்றேன்.

நான் சென்னையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், வாகன விபத்து இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். கணவரின் வேலை காரணமாக நான்கு வருடம் போர்ட் பிளேரில் இருந்தபோது ஸ்கூபா கற்றுக்கொண்டேன். இதுவரை நூற்றுப் பதினெட்டு முறை கடலடிக்குப் போயிருக்கிறேன். ஆனால் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சான்றிதழ் என்னிடம் கிடையாது. என் அனுபவத்தை ஒரு வார இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, வானூர் தபால் நிலையத்திலிருந்து போஸ்ட் மாஸ்டர் தனலட்சுமி ஓர் இன்லண்டு லெட்டர் போட்டிருந்தார். தனக்கு ஐம்பத்தொரு வயது என்றும், ஜனவரியில் அரசு விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமான் போய் ஸ்கூபா பயிற்சியை முடித்துத் தேர்ச்சி அட்டை வாங்கிவிட்டதாகவும், ஏழு முறை இறங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி இது: “சொந்த ஊர் மரக்காணம். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். கூட வருவீர்களா?”

இப்படிக் கூட்டிப்போவது பரவலாக நடப்பதுதான். புதிதாகக் கற்றவருக்கு, நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பயம் தெளியும். ஆனால் போர்ட் பிளேரில் எங்கள் நண்பர் ஒருவர் அப்படித்தான் தன் அலுவலகக்காரர் ஒருவரை அழைத்துப் போனார். அந்த மனிதர் பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்துவிட்டார். அப்படிப் பாய்ந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழியும். உயிர் பிழைத்தார். ஆறு மாதம் கழித்து நண்பருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. “நான் பயிற்சியாளன் இல்லை, துணைக்குத்தான் போனேன்” என்று பதில் எழுதினார். “தகுதி இல்லாமல் ஏன் அழைத்துப் போனீர்கள்?” என்று அந்தப் பதிலையே திருப்பிக் கேட்டார்கள். விவகாரம் எப்படியோ முடிந்தது. நண்பர் அதற்குப் பிறகு கடலில் இறங்கவில்லை.

தனலட்சுமிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் பதில் போட்டேன். ரத்த அழுத்தம், காது, இதயம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு வேண்டும் என்று கேட்டேன். நான்காம் நாளே பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது.

காலை 7.05

மாமல்லபுரம் தாண்டும்போது வெளுத்தது. பாலாற்றுப் பாலத்தில் காற்று பலமாக இல்லை என்று பார்த்துக்கொண்டேன். கடப்பாக்கத்தில் ஒரு டீ, மூன்று ரூபாய். மரக்காணத்தை நெருங்கியபோது வண்டியின் மீட்டர் நூற்றுப் பத்து கிலோமீட்டர் காட்டியது.

உப்பளங்கள் சாலையின் இரண்டு பக்கமும் திறந்துகொண்டன. பாத்தி பாத்தியாக நின்ற தண்ணீரில் வானம் ரோஜா நிறத்தில் கிடந்தது. வரப்புகளில் உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. தலையில் கூடையோடு பெண்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவார்களாம். கண்ணாடியை இறக்கினேன். உதட்டில் உப்பு கரித்தது.

தனலட்சுமி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். நைலக்ஸ் புடவை, கையில் ஒயர் கூடை. கடிதத்தில் “நீங்கள்” என்றவர், வண்டி நின்றதும், “வா உமா, இட்லி ஆறிடப் போவுது” என்றார். அந்த நொடியே எனக்கு அவர் அக்கா ஆகிவிட்டார்.

வீட்டில் அவருடைய கணவர் ஏழுமலை காத்திருந்தார். இருபது ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். வெயிலில் கறுத்த முகம், வெள்ளை உப்புப் படிந்த கால்கள். அந்தமானுக்கும் இவர்தான் கூடப் போயிருக்கிறார்.

“நாலு நாளும் கரையில உக்காந்து எளநீ குடிச்சிக்கினு இருந்தேன்” என்றார். “இவ தண்ணிக்குள்ள போனா நான் மணியப் பாப்பேன். இவ வர்றதுக்குள்ள எனக்கு வயசு ரெண்டு ஏறிடும்.”

இட்லி முடிந்ததும் முத்திரைத்தாளை எடுத்தேன். ‘தனலட்சுமி ஆகிய நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கடலில் இறங்குகிறேன். உமா என்பவர் பயிற்சியாளர் அல்லர். துணைக்கு வருபவர் மட்டுமே. எது நேர்ந்தாலும் அவர் பொறுப்பல்ல.’ அலுவலகத்தில் நான் தினமும் புரட்டும் காகிதங்களின் மொழி. அக்கா, மணியார்டர் பாரத்தைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.

ஏழுமலை தாளை வாங்கினார். மெதுவாகப் படித்தார்.

“ஏம்மா, இவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா இவ வந்து உன்ன கேக்கப் போறாளா?”

“இல்லைங்கண்ணா.”

“நான்தான கேப்பேன். நான் எங்க இதுல கையெழுத்துப் போட்டுக்கீறேன்?”

இறந்தவர் போட்ட கையெழுத்து, குடும்பத்தின் வாயை எளிதில் அடைத்துவிடாது என்பது என் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அதைத் தெரிந்துகொண்டேதான் தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தேன்.

“அந்தமான்ல கம்பெனி இருந்திச்சி” என்று அவர் தொடர்ந்தார். “அந்த வெள்ளக்காரன் இவ பக்கத்தவிட்டு நவுரல. அவன் வேலையே அதான். இங்க நீ யாரு? தப்பா எடுத்துக்காத. தெரிஞ்சிக்கணும், அதுக்குத்தான் கேக்குறேன்.”

“துணைக்கு வர்றேண்ணா.”

“துணைன்னா இன்னா? பாத்துக்குவியா, பாத்துக்கமாட்டியா?”

‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று வாயால் சொல்லிவிட்டால் என் பேரில் ஒரு கடமை ஏறிவிடும். மூன்று வாரமாக நான் தவிர்த்துக்கொண்டிருந்த ஒரே சொல் அதுதான். அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஏழுமலை கோபமாகக் கேட்கவில்லை; எனக்கு அது தெரிந்தது.

“பாத்துக்குறேண்ணா” என்றேன். “ஆனா நாலு விஷயம் நான் சொல்றபடி நடக்கணும். பதினாலு மீட்டருக்குக் கீழ போகமாட்டோம். காத்து பாதி ஆனதும் திரும்பிடணும். நான் கை காட்டினா அக்கா கேக்கணும். தண்ணி கலங்கி இருந்தா இறங்கவே மாட்டோம்.”

“இது நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டு, ஏழுமலை அந்தத் தாளை மடித்து என் உறைக்குள்ளேயே வைத்தார். யாரும் கையெழுத்துப் போடவில்லை.

காலை 8.30

குப்பத்துக் கரையில் மீனவர் கலியபெருமாளின் படகு நின்றது. சுனாமியில் பழைய படகு உடைந்துபோய், நிவாரணத்தில் வந்த புது ஃபைபர் படகு. நீலச் சாயம் இன்னும் மங்கவில்லை. எஞ்சின் மண்ணெண்ணெய் உட்பட ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று பேசியிருந்தோம்.

அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது. “உள்ள போறது நீங்க ரெண்டு பேரும். ஏதாச்சும் ஒண்ணுன்னா போலீஸு போட்டு நம்பரைத்தான் கேப்பான். நான் இன்னா பண்ணணும், சொல்லிட்டுப் போங்க.”

இதுவரை எந்தப் படகுக்காரரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. சந்தோஷமாகச் சொன்னேன்: நீர்க்குமிழிகள் எங்கே வருகின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் உள்ளே இருக்கும்வரை எஞ்சினைத் தொடக்கூடாது. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனால் கரைக்கு போன் செய்ய வேண்டும். அவர் இடுப்பிலிருந்த செல்போனை எடுத்து ஏழுமலையின் எண்ணை அழுத்தி, ‘ரிங்’ போகிறதா என்று அங்கேயே சோதித்தார். ஏழுமலையின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் அதை எடுத்துக் காதில் வைத்து, எதிரே நிற்கிறவரிடமே, “கேக்குது, கேக்குது” என்றார். அக்கா சிரித்துவிட்டார்.

காலை 9.20

கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டோம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டோம். ஒருவர் உடுப்பை மற்றவர் இழுத்துப் பார்த்து, இரண்டு ரெகுலேட்டரிலும் மூச்சு இழுத்து, காற்று மீட்டர் இருநூறு காட்டுவதைப் படித்துச் சொல்லிக்கொண்டோம். நான் மட்டும் முதலில் கயிற்றைப் பிடித்து இறங்கினேன்.

ஆறு மீட்டரில் என் கையே எனக்குத் தெரியவில்லை. பாலில் சேற்றைக் கரைத்ததுபோல இருந்தது தண்ணீர். மேலே வந்து தலையை ஆட்டினேன்.

“இங்க வேணாங்க்கா.”

“கயிறப் புடிச்சிக்கினே எறங்கலாமே” என்றார் அக்கா.

“வேணாம்.”

“ரெண்டு மாசமா காத்துக்கினு இருக்கறேன் உமா. நான் ஒண்ணும் பச்சக் கொழந்த இல்ல.”

அவர் பதின்மூன்று வயது மூத்தவர், தபால் நிலையத்தில் நான்கு பேரை வேலை வாங்குகிறவர். அந்தக் கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. இறங்கிவிடலாமா என்று எனக்கே தோன்றியது. கயிறு இருக்கிறது, பிடித்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது. போர்ட் பிளேர் நண்பரும் அன்று இப்படித்தான் நினைத்திருப்பார்.

“திரும்பிடலாங்க்கா” என்றேன்.

கலியபெருமாள் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது மண்ணுத் தரை, அலையில கலங்கிடும். தெக்கால போனா பாரு ஒண்ணு இருக்குது. அங்க தெளிஞ்சிருக்கும்” என்றார். கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டை அவர்கள் பாரு என்கிறார்கள். வலை கிழியும் என்று அதன்மேல் வலை விடமாட்டார்களாம். தூண்டில் மட்டும்தான்.

“எவ்வளவு தூரம்?”

“அரை மணி நேரம். தெளிவில்லன்னா நீங்க எறங்க வேணாம். நானே கரைக்குத் திருப்பிடுறேன்.”

காலை 10.25

நடுக்கடலில் ஒரு புள்ளியை அவர் கண்டுபிடித்த விதத்தை வாயைத் திறந்தபடி பார்த்தேன். மேற்கே உப்புக் கம்பெனியின் தகரக் கொட்டகையும் அதற்குப் பின்னால் செல்போன் டவரும் ஒரே கோட்டில் வர வேண்டும். தெற்கே ஒரு சவுக்குத் தோப்பின் முனை, தண்ணீர்த் தொட்டியைப் பாதி மறைக்க வேண்டும். “டவரு வர்றதுக்கு முன்ன அடையாளம் ஒரு ஒத்தப் பனை. சுனாமிக்கு அப்புறம் அது இல்ல. டவரு வந்திச்சி, பொழைச்சோம்” என்றார். ஈயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ‘டொக்’ என்று கல்லில் பட்ட அதிர்வு அவர் விரலுக்கு வந்தது. என் விரலையும் கயிற்றில் வைத்துக் காட்டினார்.

மறுபடியும் நான் முதலில் இறங்கினேன். ஐந்து மீட்டர். பச்சை. எட்டு மீட்டர். கண்ணாடிப் பச்சை. பத்தாவது மீட்டரில் கீழே ஓர் ஊரே தெரிந்தது.

மேலே வந்து கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினேன். எல்லாம் சரி என்று அர்த்தம். அக்கா முகக்கண்ணாடியை அழுத்திக்கொண்டு படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்.

கயிறு வழியாக ஒவ்வொரு மீட்டராக இறங்கினோம். மூக்கைப் பிடித்துக் காதுக்குக் காற்றைத் தள்ளும்போதெல்லாம் அவர் நின்றார், அவசரப்படவே இல்லை. பதின்மூன்று மீட்டரில் தரை. பாறை, அடுக்கடுக்காகத் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோலக் கிடந்தது. அடுக்குகளின் இடுக்கிலிருந்து சிங்கி இறால்களின் மீசைகள் நீண்டு ஆடின. ஊதா நிறக் கடல்விசிறிப் பவளங்கள் நீரோட்டத்துக்குச் சாய்ந்து நின்றன. காரப்பொடி மீன் கூட்டம் ஒன்று, யாரோ சில்லறையைக் கொட்டியதுபோல மின்னி, எங்கள் இருவரையும் சுற்றி மூடி, திறந்தது. அக்கா கையை நீட்டினார். கூட்டம் அந்தக் கையின் அளவுக்கு மட்டும் விலகிக்கொண்டது. கண்ணாடிக்குள் அவர் கண்கள் விரிந்திருந்தன. ரெகுலேட்டருக்குள்ளேயே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். குமிழிகள் தாறுமாறாக வந்தன.

நூற்றுப் பதினெட்டு முறை இறங்கியவளுக்கு என்ன புதுசு என்று கேட்கலாம். அந்தமானில் இதைவிடத் தெளிந்த தண்ணீர், இதைவிட வண்ணங்கள் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே மேலே ஒரு தகரக் கொட்டகை, ஒரு டவர், உப்பு மூட்டை ஏற்றும் லாரிகள். தினமும் ஆயிரம் பேர் பேருந்தின் ஜன்னல் வழியாக இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு பாண்டிக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது என்ற நினைப்பில் கத்த வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் ஒரு கணவாய் மீனைப் பார்த்தோம். ஒரு முழ நீளம். பாறையின் மேல் பாறையாகவே இருந்தது. நாங்கள் நெருங்கியதும் உடம்பு முழுக்க வரிகள் ஓடின, பிறகு வெளுத்தது, பிறகு செம்பழுப்பு. அக்காவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் பின்னால் நகர்ந்தேன். திரும்பிப் பார்க்காமல் நகர்ந்தேன்.

முதுகில் ஏதோ பிடித்து இழுத்தது. முன்னால் போக முயன்றேன். நகர முடியவில்லை.

பாறையில் சிக்கி அறுந்துபோன பழைய நைலான் வலை. பாசி படிந்து பாறையின் நிறத்திலேயே தொங்கியிருக்கிறது. சிலிண்டரின் தலையில் இருக்கும் வால்வில் மாட்டிக்கொண்டுவிட்டது. கைக்கு எட்டாத இடம், கண்ணுக்குத் தெரியாத இடம். உதறியதில் வலது காலிலும் சுற்றியது. கத்தி அந்தக் காலில்தான் கட்டியிருந்தது, அதையும் வலை சுற்றிவிட்டது.

என் மீட்டரைப் பார்த்தேன். நூற்றைந்து. அக்கா இன்னும் கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டரை மோதிரத்தால் தட்டினேன். திரும்பினார்.

அவர் என்னை நோக்கி வந்ததும் உள்ளங்கையைக் காட்டினேன். நில். அவரும் மாட்டிக்கொண்டால் இரண்டு பேரையும் எடுக்க ஆள் இல்லை. மேலே போகச் சொல்லலாமா? ஏழே முறை இறங்கியவர் தனியாக, பயத்தோடு மேலே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கூடவே வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொண்டால் அவர் காற்றும் தீர்ந்துபோகும். ஏழுமலைக்கு நான் சொன்ன ‘பாத்துக்குறேண்ணா’ பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் எனக்கே திரும்பக் கேட்டது. என் மூச்சு வேகமாவதை நானே கேட்டேன்.

அக்கா நின்றார். வலை எங்கிருந்து எங்கே போகிறது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு நான் காட்டிய கையைக் கண்டுகொள்ளாமல், கொஞ்சம் மேலே எழும்பி, வலை இல்லாத பக்கமாகச் சுற்றி என் தோளுக்கு மேல் வந்தார். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். அப்படியே இரு என்று எனக்குப் புரிந்தது.

என்னால் பார்க்க முடியவில்லை. சிலிண்டரில் சின்னச் சின்ன உரசல்களாக அவர் விரல்கள் வேலை செய்வது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பார்சல் மூட்டையின் சணலைப் பிரிக்கிற மாதிரி, இழுக்காமல். நான் மூச்சை எண்ணினேன். முப்பது, நாற்பது. நடுவில் ஒருமுறை அவர் கை நின்றது. தன் மீட்டரைப் பார்த்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். நூற்றுப் பத்து. என்னைவிட அதிகம் வைத்திருந்தார்.

தோள் திடீரென்று லேசானது. குனிந்து காலையும் விடுவித்தார். முன்னால் வந்து வட்டம் காட்டிக் கேட்டார்: சரியா? நானும் வட்டம் காட்டினேன். கட்டைவிரலை உயர்த்தினேன். மேலே போகலாம்.

கயிற்றைப் பிடித்து மெதுவாக ஏறி, ஆழத்தில் உடம்பில் ஏறிய வாயு வடிவதற்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடமும் அவர் என் காற்றுச் சட்டையின் பட்டையை விடவே இல்லை.

காலை 11.10

தலை வெளியே வந்ததும் அக்கா ரெகுலேட்டரைத் துப்பிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “உமா, அந்தக் கணவாய் கலர் மாத்திச்சே, பாத்தியா? கொழம்பு வைக்கிறப்ப ஒருநாளும் இப்படித் தெரிஞ்சதில்லையே.”

படகில் ஏறியதும் இரண்டு பேரும் பேசினோம், ஒரே நேரத்தில், நிறுத்தாமல். மீன் கூட்டம், சிங்கி இறால், விசிறி. கலியபெருமாள் தான் இருபது வருடமாகத் தூண்டில் போடும் இடத்தின் தரை எப்படி இருக்கிறது என்று எங்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வலையைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறியது. “எவனோ தெரியாம வுட்டுக்கீறான். அந்தப் பக்கம் போவாதீங்க, எந்த முனைன்னு சொல்லுங்க” என்று குறித்துக்கொண்டார்.

நீலச் சாயம் அடித்த பலகையில் முதுகைச் சாய்த்துக் காலில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தேன். அக்கா நெருங்கி உட்கார்ந்தார்.

“அவருகிட்ட வலை மேட்டரச் சொல்லாத. சொன்னீன்னா இனிமே விடமாட்டாரு.”

அவர் கேட்டது எனக்கும் வசதிதான். விபத்து நடந்த இடத்தில் தவறை ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாதீர்கள் என்று பதினாறு வருடமாக நான்தான் வண்டிக்காரர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

பிற்பகல் 1.30

ஏழுமலை கரையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். மனைவியைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சிரித்தார். வீட்டில் வஞ்சிரம் வறுவல், முருங்கைக்காய் சாம்பார். அக்கா கணவாயை நடித்தே காட்டினார். ஏழுமலை சோற்றைப் பிசைந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு முகத்தை அவர் வீட்டில் அதிகம் பார்த்ததில்லை என்று தோன்றியது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னேன்.

“அண்ணா, உள்ள ஒரு பழைய வலையில நான் மாட்டிக்கிட்டேன். அக்காதான் எடுத்துவிட்டாங்க.”

அக்கா தட்டுகளை வைத்தபடி என்னை முறைத்தார். ஏழுமலை துண்டால் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“தப்பு யாருது?”

“என்னுதுதான். பின்னாடி பாக்காம நகந்தேன். கத்தி ரெண்டு பேருகிட்டயும் இருந்திருக்கணும், ஒண்ணுதான் கொண்டாந்தேன்.”

“இவ இன்னா தப்புப் பண்ணா?”

“நில்லுன்னு கை காட்டினேன். நிக்கல.”

“என்கிட்டயும் இருவத்தேழு வருஷமா நிக்கல” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஏழுமலை சிரிக்கவில்லை.

“நீ சொல்லாம போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரியாமயே அடுத்த தடவை அனுப்புவீங்க. அது எனக்குச் சரியாப் படல.”

வெளியே உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“ஆளுக்கொரு கத்தி. மேல படகுல நீச்சல் தெரிஞ்ச இன்னொரு ஆளு. கலியபெருமாளு அந்த வலை கெடக்கிற முனைக்கு ஒரு மெதவை போட்டு வைக்கட்டும். இது மூணும் இல்லன்னா இவ எறங்கமாட்டா. இருந்தா எறங்கட்டும்.” என் பக்கம் திரும்பி, “நீயும்தான்” என்றார்.

மாலை 4.00

அக்கா வண்டிவரை வந்தார். கோபம் முழுக்கப் போகவில்லை. “போட்டுக் குடுத்துட்ட இல்ல” என்று சொல்லிக்கொண்டே ஒயர் கூடையில் வறுத்த வேர்க்கடலையும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தார். பிறகு ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, “ஏப்ரல் பாதியில மீன்பிடித் தடைக்காலம் வந்திடும். அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம பாரு” என்றார்.

வழி நெடுக யோசித்தேன். பயிற்சியே எடுக்காதவர் யாராவது கேட்டால் இனி பள்ளிக்குத்தான் அனுப்புவேன். நானும் மீட்புப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். நூற்றுப் பத்தொன்பது முறை இறங்கிவிட்டேன், என்னை நானே எடுக்கத் தெரியவில்லை. ஆனால் இந்த எண்ணங்களுக்கு நடுவே, பாலாற்றுப் பாலத்தில், கோவளத்தில், திடீர் திடீரென்று அந்தக் கணவாய் நிறம் மாறியது. நான் தனியாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

மாலை 6.40

திருவான்மியூர் வந்தும் வீட்டுக்குத் திரும்பாமல் கடற்கரைப் பக்கம் வண்டியை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சுண்டல், பலூன், மிளகாய் பஜ்ஜி. பத்து நிமிட நடையில் இருக்கிற கடல். இதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்டதும் இல்லை.

கூட்டம் முடிகிற இடத்தில் ஒருவர் படகோரம் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இந்தப் பக்கம் பாரு எங்க இருக்குது?”

தலையைத் தூக்கி, உப்புக் காய்ந்த என் முடியையும் வெயிலில் கறுத்த முகத்தையும் பார்த்தார். “இருக்குது. எதுக்கும்மா?”

“உள்ள இறங்கிப் பாக்கணும்.”

“தனியாவா?”

“இல்லண்ணே. துணைக்கு ஒருத்தங்க இருக்காங்க” என்றேன். “வானூர் போஸ்ட் மாஸ்டர்.”